சம்பந்தியம்மா உரித்த வெங்காயம்

சிங்கப்பூரில் ஜாலான் புசார் பக்கத்தில் என்னைப் 'பெர்மிட் அக்கா' என்று கேலி செய்வார்கள். செய்யட்டும். என் சாப்பாட்டுக் கடைக்கு வேலை கேட்டு யார் வந்து நின்றாலும் முதலில் காபி கொடுப்பேன், அடுத்து வேலை அனுமதி அட்டையைக் கேட்பேன். அட்டையில் இருக்கும் முகமும் எதிரே நிற்கும் முகமும் ஒன்றுதானா, எந்த முதலாளியிடம் வேலை பார்க்க அனுமதி, என்ன வேலைக்கு அனுமதி, இன்னும் செல்லுபடியாகிறதா என்று கைப்பேசியில் தட்டிப் பார்ப்பேன். சின்னக் குறை இருந்தாலும், "காபியக் குடிச்சிட்டுக் கெளம்புங்க தம்பி, மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க" என்று அனுப்பிவிடுவேன். பக்கத்துக் கடைக்காரர்கள், "ஈ உள்ள வந்தாக்கூட பாஸ் இருக்கான்னு கேப்பீங்க போலிருக்கே அக்கா" என்பார்கள். ஆமாம், கேட்பேன் என்பேன். எனக்கு அதில் கர்வம்தான்.

அந்தக் கர்வத்துக்கு ஒரு காரணம் உண்டு. சொந்தக் கடை போடுவதற்கு முன்னால் வேறொரு சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் இருந்தேன். அங்கே பின்கட்டில் அண்டா கழுவ ஒருவரை வைத்திருந்தார்கள். ஊர் சுற்றிப் பார்க்கிற அனுமதியில் வந்தவர். வேலை அனுமதி கிடையாது. ஒரு மத்தியானம் அதிகாரிகள் முன்வாசலில் நுழைந்ததும் அவர் பின்சந்துச் சுவரேறிக் குதித்துக் காலை முறித்துக்கொண்டார். அதிகாரிகள் அவரைத் தூக்கிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்காரவைத்து, இவர் யார் என்று கேட்டபோது, மாதக்கணக்கில் அவர் கழுவிய தட்டில் சாப்பிட்ட முதலாளி, "இவர் யாருன்னே எனக்குத் தெரியாது" என்றார். அந்த மனிதர் அழவில்லை. முதலாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டம் இவ்வளவு கடுமையாக இருக்கிறதே என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. இப்படிப்பட்ட முதலாளிகளுக்கு இன்னும் கொஞ்சம் கடுமையாக இருந்தால்தான் என்ன என்று தோன்றியது.

அப்படிப்பட்ட என்னுடைய கடையிலேயே ஒருநாள் அதிகாரிகள் ஒருவரைப் பிடித்தார்கள். பிடிபட்டவர் என் சம்பந்தியம்மா.

என் மகளை இங்கே மென்பொருள் வேலை பார்க்கும் தமிழ்நாட்டுப் பையனுக்குக் கொடுத்திருக்கிறேன். இருவரும் மார்சிலிங்கில் குடியிருக்கிறார்கள். நான் ஆங் மோ கியோ. மாப்பிள்ளையின் அம்மா விருதுநகர் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் மத்தியானச் சாப்பாடு அவர் பொறுப்பில் இருந்தது. கணவர் தவறிவிட்டார். ஒரே மகன். அந்த மகனும் கடல் தாண்டி வந்துவிட்டார்.

எனக்கும் அவருக்கும் ஆரம்பம் சரியில்லை. கல்யாணப் பந்தியில், நான் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து வைக்கச் சொன்ன சாம்பாரை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சுவைத்துவிட்டு, "பெருங்காயம் கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றார். நான் சமையலில் பிழைக்கிறவள். வேறு யாராவது சொல்லியிருந்தால் கரண்டியைக் கையில் கொடுத்து, "நீங்களே வைங்க" என்றிருப்பேன். பெண்ணைப் பெற்றவளாயிற்றே. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் தொலைபேசியில் "நல்லா இருக்கீங்களா" என்பதோடு நிறுத்திக்கொண்டோம். அவர் என்னைச் 'சம்பந்தியம்மா' என்பார். நானும் அவரைச் 'சம்பந்தியம்மா' என்பேன். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை, ஒட்டுதல்தான் இல்லை.

அவர் முதன்முறையாகச் சிங்கப்பூருக்கு வந்தபோது மகனும் மருமகளும் காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். அவ்வளவு உயரத்து வீட்டில் தனியாக இருந்து பழக்கமில்லாத மனுஷி. "ஜன்னல் வழியா பாத்தா பஸ்ஸு தீப்பெட்டி மாதிரி தெரியுது, யார்கிட்ட பேச?" என்றாராம். என் மகள் எனக்குத் தொலைபேசியில் சொன்னாள்: "மா, ஆஃபீஸ் போற வழியில அத்தைய உங்க கடையில விட்டுட்டுப் போறேன். ஃபிரண்ட் டேபிள்ல உக்கார வைங்க. ஆளுங்க வர்றதப் பாத்துட்டு இருப்பாங்க லா."

வந்தார். முன்மேசையில் மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்து, காபி, வடை, மோர் என்று மாற்றி மாற்றிக் கவனித்தேன். சம்பந்தியாயிற்றே, ஒரு குறை வைக்கலாமா? அவர் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கண் மட்டும் அடுப்படிப் பக்கமே இருக்கும். எழுந்து வந்து எட்டிப் பார்ப்பார். "நீங்க உக்காருங்க சம்பந்தியம்மா" என்பேன். உட்காருவார். அவர் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிற நமக்குத்தான் மூச்சுமுட்டும்.

மூன்றாம் நாள், புதன்கிழமை, என் உதவியாள் காய்ச்சல் என்று எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, போட்டுவிட்டார். சமையல்காரர் ஒண்டியாகக் கிடந்து அல்லாடினார். நான் மீன் வாங்கத் தேக்கா சந்தைக்கு ஓடினேன். போகும்போது, "சம்பந்தியம்மா, இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். நடந்ததைச் சமையல்காரர் பிறகு சொன்னார்.

நான் தெருமுனை திரும்பியதும் சம்பந்தியம்மா எழுந்திருக்கிறார். அடுப்படியில் சின்ன வெங்காயம் ஒரு பெரிய கூடை உரிக்காமல் கிடந்திருக்கிறது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஆணியில் தொங்கிய கடை ஏப்ரனை எடுத்து மாட்டிக்கொண்டு, குட்டை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சமையல்காரர் பதறிப்போய், "அம்மா வேணாம்மா, அக்கா என்னை வைவாங்க" என்றிருக்கிறார்.

"சோறு ஏன் லேட்டுன்னு வைவாங்களே, அது பரவால்லையா?" என்று கேட்டுவிட்டு உரிக்க ஆரம்பித்தாராம்.

அந்த வரிசைக் கடைகளை எல்லாம் அன்றைக்குச் சோதனை போட்டுக்கொண்டே வந்த அதிகாரிகள் இருவர் எங்கள் கடைக்குள் நுழைந்தார்கள். ஒருவர் சீனப் பெண். இன்னொருவர் தமிழ்ப் பையன், என் மகள் வயதுதான் இருக்கும். சீருடை இல்லை, கழுத்தில் அட்டை மட்டும். அவர்கள் தேடி வந்தது அனுமதி இல்லாமல் வேலை செய்கிறவர்களை. ஆனால் சம்பந்தியம்மா வாழ்நாள் முழுக்கப் பார்த்த அதிகாரிகள் எல்லாரும் சாப்பாட்டைச் சோதிக்க வந்தவர்கள். கழுத்தில் அட்டை தொங்க ஒருவர் அடுப்படி வாசலில் வந்து நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுந்தார். கையைக் கழுவினார். ஒவ்வொரு பாத்திரத்தின் மூடியாகத் திறந்தார்.

"இது சாதம். அரிசியில கல்லு குருணை கெடையாது, பாத்துக்கங்க. இது சாம்பாரு. இது முட்ட, ஒண்ணுகூட ஒடையல. சாமான் ரூம் அந்தப் பக்கம், வாங்க காட்டுதேன்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சம்பந்தியம்மா விடவில்லை. அவருடைய பள்ளிக்கூடத்தில், சமைத்ததைப் பெரியவர்கள் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பிள்ளைகளுக்குப் பரிமாறுவது வழக்கம். ஒரு கரண்டி சாம்பாரைத் தன் உள்ளங்கையில் விட்டுச் சுவைத்துவிட்டு, கிண்ணத்தில் சாதம் போட்டுச் சாம்பார் ஊற்றி அந்தச் சீனப் பெண்ணிடம் நீட்டினார். "நான் சாப்ட்டுப் பாத்துட்டுத்தான் குடுக்கேன். பயப்படாம சாப்பிடுங்க."

தமிழ் அதிகாரி மெதுவாகக் கேட்டிருக்கிறார்: "அம்மா, இங்க நீங்கதான் மெயின் குக்கா?"

"சமைக்கது அந்தத் தம்பி. நான் மேற்பார்வ."

அந்த நேரத்தில்தான் நான் மீன் பைகள் நிறைந்த டிராலியை இழுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன். ஏப்ரனோடு நின்ற சம்பந்தியம்மா என்னைப் பார்த்து நிம்மதியாகச் சிரித்தார். "வாங்க சம்பந்தியம்மா. ஆபீசருங்க வந்திருக்காங்க. எல்லாத்தையும் காட்டிட்டேன்."

டிராலியை அப்படியே வாசலில் விட்டேன்.

பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும். அன்றைக்கும் வந்தது. அந்தத் தமிழ்ப் பையனைப் பிடித்துக்கொண்டேன். "தம்பி, இவங்க யாரு தெரியுமா? என் மகளோட மாமியார். பொண்ணக் குடுத்தவ சம்பந்தியக் கூப்பிட்டு வெங்காயம் உரிக்க வைப்பாளா? ஊர் காறித் துப்பாது? நீங்களும் தமிழ்தானே, உங்க வீட்ல இது நடக்குமா?"

"நடக்காது ஆன்ட்டி" என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. "ஆனா சம்பளம் வாங்கினாலும் வாங்கலைன்னாலும் கடையில செய்யறது வேலைதான். அவங்க வந்தது விசிட் பாஸ்ல. நான் பார்த்ததை நான் ரிப்போர்ட் பண்ணித்தான் ஆகணும். நீங்க சொல்றதையும் கேட்போம். கொஞ்சம் காம் டவுன் லா ஆன்ட்டி."

சம்பந்தியம்மாவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. ஏப்ரனைக் கழற்றி மடித்து மேசைமேல் வைத்தார். "என்னால ஒங்களுக்குத் தொந்தரவாப் போச்சே" என்று என்னிடம் சொன்னார். விசாரணைக்காக அவர்களோடு வண்டியில் ஏறுவதற்கு முன்னால் திரும்பி உள்ளே போனார். அதிகாரி பின்னாலேயே ஓடினார். தப்பிக்க எல்லாம் போகவில்லை. சாம்பார் அடிப்பிடிக்கிற வாசனை அவருக்கு வந்திருக்கிறது, கேஸ் அடுப்பை அணைக்கப் போயிருக்கிறார்.

மகள் வீட்டிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். அன்று பிற்பகலே அவரை அனுப்பிவிட்டார்கள். ஆனால் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விசாரணை முடியும்வரை இங்கேயே தங்குவதற்கு ஒரு தாள் கொடுத்தார்கள். எங்கள் எல்லாரையும் தனித்தனியாக அழைத்து வாக்குமூலம் வாங்குவார்கள் என்றார்கள்.

சாயங்காலம் மார்சிலிங் வீட்டில் யாரும் விளக்கைப் போடக்கூட நினைக்கவில்லை. மாப்பிள்ளை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கைப்பேசியில் எதையெதையோ படித்துக்கொண்டிருந்தார். "அம்மாவுக்குத் தடை போட்டுட்டாங்கன்னா அத்தை? இனிமே இந்த ஊருக்குள்ளயே விடமாட்டாங்க. என்னைப் பார்க்க வரவே முடியாது." அவருடைய நிரந்தரவாச விண்ணப்பம் வேறு அப்போது நிலுவையில் இருந்தது. ஆனால் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவைப் பற்றித்தான் பேசினார். அந்தப் பிள்ளையிடம் எனக்குப் பிடித்தது அது.

பிறகு தலையை நிமிர்த்தி ஒரு யோசனை சொன்னார். "இப்படிச் சொல்லிடலாமா? வீட்டுச் சமையலுக்கு வெங்காயம் எடுத்துட்டுப் போகத்தான் அம்மா அடுப்படிக்குள்ள போனாங்க, வீட்டுக்குன்னு அங்கேயே உக்காந்து உரிச்சாங்கன்னு. அத்தையும் அதையே சொல்லிட்டா பிரச்சினை முடிஞ்சிரும். யாருக்கு என்ன நஷ்டம்?"

சொல்லப்போனால் என் மனசும் அந்தப் பக்கம்தான் சாய்ந்தது. பெர்மிட் அக்காவாவது ஒன்றாவது, ஒரு தாய் தன் மகனைப் பார்க்க முடியாமல் போவதைவிடவா?

சம்பந்தியம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். "ஏண்டா, அம்புட்டு வெங்காயத்த வச்சு இந்த வீட்ல நான் என்னடா பண்ணுவேன்? ஊரையே கூப்பிட்டு விருந்து வைப்பேனா?" என்றார்.

என் மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. மாப்பிள்ளைக்கு மட்டும் வரவில்லை. "வெளையாடாதம்மா" என்றார்.

"வெளையாடல. நான் வேல பாத்த காலத்துல எத்தன பேரு சோதனைக்கு வந்திருக்காங்க. ஒருத்தர் முன்னாடியும் நான் ஒரு மூடியக்கூட மூடி வச்சதில்ல. இன்னைக்கு மூடினேன்னா, அம்புட்டு நாளும் தொறந்து காட்டினேனே, அதுவும் பொய்னு ஆயிரும். அது ஒண்ணு." என் பக்கம் திரும்பினார். "இன்னொண்ணு, நான் அந்தப் பொய்யச் சொன்னா இவங்களும் சொல்லணும். கடைக்கு வர்றவங்க இவங்களப் பெர்மிட் அக்கான்னு கூப்பிடுறத ரெண்டு நாளாக் கேட்டுட்டுத்தான் உக்காந்திருந்தேன். அந்தத் தம்பிகிட்ட ஏன்னு கேட்டேன், சொன்னாரு. அப்படி ஒரு பேரு சும்மா வராது. என் வாயால அதக் கெடுக்க மாட்டேன்."

இருபது வருஷமாக அந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கேலி செய்கிறார்கள். அதை ஒரு பட்டம் மாதிரி எடுத்து என் முன்னால் வைத்த முதல் ஆள் அவர்தான். பெருங்காயச் சண்டையை அந்த நிமிஷமே மன்னித்துவிட்டேன்.

விசாரணைக்கு என்னை முதலில் அழைத்தார்கள். ஏப்ரன் யாருடையது என்று கேட்டார்கள். "என் கடையோடது. ஆணியில மாட்டி வச்சது நான்தான்" என்றேன். அவர் அடுப்படிக்குள் போனது தெரியுமா என்றார்கள். தெரியாது, நான் சந்தையில் இருந்தேன், தெரிந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன் என்றேன். "ஆனா கடை என்னோடது. உள்ள யாரு என்ன செஞ்சாலும் நான்தான் பதில் சொல்லணும். எழுதிக்கங்க" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போனது.

அடுத்து சம்பந்தியம்மா உள்ளே போனார். மொழிபெயர்ப்பாளராக ஒரு தமிழ்ப் பெண்ணை வைத்திருந்தார்கள். நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வெளியே வரத் தாமதமானது. ஏன் என்று பிறகு அவரே சொன்னார். எல்லாவற்றையும் தட்டச்சு செய்து முடித்து, மொழிபெயர்ப்பாளர் அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டியிருக்கிறார். 'கொஞ்சம் வெங்காயம் உரித்தேன்' என்று வந்திருக்கிறது. இவர் நிறுத்தியிருக்கிறார்.

"கொஞ்சம் இல்லம்மா. ஒரு கூட. முக்காவாசி முடிச்சிட்டேன்."

அந்தம்மா திகைத்துப்போய், "கொஞ்சம்னே இருக்கட்டுமே" என்றாராம். இவர் கேட்கவில்லை. திருத்தச் சொல்லித்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். சம்பளம் பேசினார்களா என்ற கேள்விக்கு, "சம்பந்திக்குச் சம்பளமா? அவங்க குடுத்திருந்தா நான் அன்னைக்கே ஊருக்குப் பஸ் ஏறியிருப்பேன்" என்று சொல்லி, ஊருக்குப் பஸ் கிடையாது என்பது நினைவுக்கு வந்து அவரே சிரித்திருக்கிறார். கடைசியாக அதிகாரி, சும்மா உதவியாகச் செய்தாலும் இங்கே அது குற்றமாகலாம் என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டிருக்கிறார்.

"இப்பத் தெரிஞ்சுக்கிட்டேன். இனி செய்ய மாட்டேன். ஆனா செய்யலன்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

எம்ஆர்டி ரயிலில் திரும்பும்போது இதைச் சொன்னார். கூட்டத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தோம். எனக்கு அப்படியே அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கம்பியை விட்டால் விழுந்துவிடுவேன் என்பதால் கட்டிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு காத்திருப்புதான். அவர் ஊர் திரும்ப வேண்டிய நாள் வந்து போனது. விமானச் சீட்டை மாற்றினோம். கடைப் பக்கம் அவர் வரவில்லை. நான்தான் மத்தியான வியாபாரம் முடிந்ததும் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு ரயிலேறி மார்சிலிங்குக்குப் போவேன். இரண்டு பேரும் ஜன்னலோரம் உட்கார்ந்து சாப்பிடுவோம். பள்ளிக்கூடத்தில் முட்டை போடுகிற நாளில் மட்டும் தவறாமல் வருகிற பிள்ளைகளைப் பற்றிச் சொல்வார். நான் கடைக்கு வருகிற ஆட்களைப் பற்றிச் சொல்வேன். கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிற ஒருவர், ஊரில் மனைவிக்குப் பிள்ளை பிறந்த அன்று கடையில் இருந்த எல்லாருக்கும் தன் செலவில் கேசரி வாங்கிக் கொடுத்த கதையை அவர் திரும்பத் திரும்பக் கேட்பார். ஒருநாள் துணிந்து கேட்டுவிட்டேன்: "கல்யாணத்தன்னைக்கு ஏன் அப்படிச் சொன்னீங்க, சாம்பாரைப் பத்தி?"

"தூக்கலாத்தான் இருந்துச்சு" என்றார், சோற்றைப் பிசைந்துகொண்டே.

இந்த மனுஷியிடம் போய் வீட்டுக்கு உரித்தேன் என்று பொய் சொல்லச் சொன்னோமே என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில் எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. கடைமேல் வழக்கு வந்தால் என் சமையல்காரரின் வேலை அனுமதியைப் புதுப்பிக்க முடியாமல் போகலாம். அவர் ஒன்றும் கேட்க மாட்டார், ஆனால் ஒவ்வொரு முறை தொலைபேசி அடிக்கும்போதும் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பார். சட்டத்தின் மேல் எனக்குக் கோபம் வந்ததா என்று மகள் கேட்டாள். வந்தது. என் வீட்டு ஆள் என்றதும் வந்தது. ஆனால் காலை முறித்துக்கொண்ட அந்த மனிதரைக் கண்ணால் பார்த்தவள் நான். அந்தச் சோதனையே வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. நடந்ததை நடந்தபடி கேட்டால் போதும் என்றுதான் இருந்தது.

கேட்டார்கள். கல்லாவுக்கு மேலே இருக்கும் கேமராவில் பதிவானதையும் வாங்கிப் பார்த்தார்கள். முதல் இரண்டு நாளும் அவர் முன்மேசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அதில் இருந்தது. புதன்கிழமை நான் வெளியே போனதும் அவர் எழுந்து போனதும் இருந்தது. சில வாரங்கள் கழித்து எங்களை அழைத்தார்கள். எனக்கும் எச்சரிக்கை, அவருக்கும் எச்சரிக்கை. அதற்கு மேல் நடவடிக்கை இல்லை. கடைக்கு வந்த அதே தமிழ் அதிகாரிதான் பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார்.

வாங்கிக்கொண்ட சம்பந்தியம்மா உடனே நகரவில்லை. "தம்பி, நான் திரும்ப வரலாமா?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்து அவர் குரல் நடுங்கியது அந்த ஒரு தடவைதான்.

"வரலாம்மா. ஆனா ஏர்போர்ட்ல உங்களைக் கூப்பிட்டுக் கேட்பாங்க. உள்ள விடறதா இல்லையான்னு அங்க இருக்கற ஆபீசர்தான் முடிவு பண்ணுவாங்க. அதை நான் பிராமிஸ் பண்ண முடியாது."

அந்த வாரமே ஊருக்குப் போனார். போனபிறகு தினமும் தொலைபேசியில் பேசிக்கொண்டோம். மகனிடம் பேசுவதைவிட என்னிடம்தான் அதிகம் பேசினார். மாப்பிள்ளை, "என்ன ரெண்டு பேரும் கூட்டணியா?" என்று சிணுங்குவார்.

அடுத்த வருஷம் அவருக்கு மறுபடி விமானச் சீட்டுப் போட்டோம். வீட்டில் ஒருத்தருக்கும் தூக்கம் பிடிக்கவில்லை. விமான நிலையம்வரை வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டால், அந்த வயதில் அவர் அந்த அவமானத்தைத் தாங்குவாரா? புறப்படுவதற்கு முதல் நாள் மாப்பிள்ளை அம்மாவிடம் பேசினார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"அம்மா, யாரப் பாக்க வர்றீங்கன்னு கேட்டா மகனத்தான்னு சொல்லு. அதோட நிறுத்திக்க. அத்தையப் பத்தியோ கடையப் பத்தியோ நீயா எடுக்காத. அங்கதான் போன தடவை பிரச்சினை. அந்தப் பேர் வந்தாலே இன்னும் நாலு கேள்வி வரும்."

சொல்லிவிட்டுச் சங்கடத்தோடு என்னைப் பார்த்தார். "சரியாத்தான் சொல்றீங்க மாப்பிள்ளை" என்றேன். உள்ளே சுருக்கென்று குத்தியது. ஆனால் சரியான யோசனைதான். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

சாங்கி விமான நிலையத்தின் வருகை வாசலில் நின்றோம். அவர் விமானத்தில் வந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். நெற்றியில் திருநீறு பூசிய பெரியவர் வந்தார். முதன்முதலாக வேலைக்கு வருகிற பையன்கள் கும்பலாக, காகிதக் கோப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து, கூட்டிப்போகிற ஆளுக்காக ஓரமாக நின்றார்கள். கைக்குழந்தைக்காரி வந்தாள். பிறகு ஆள் வரத்து நின்றுவிட்டது. சம்பந்தியம்மா வரவில்லை. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் கூண்டில் அடைத்த மாதிரி நடந்தார். அடுத்த விமானத்துக்காரர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டு முடித்து, தெரியாத சாமிகளையும் கூப்பிட ஆரம்பித்தேன்.

அப்போது கதவு திறந்தது. கயிறு சுற்றிய அட்டைப்பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு, தலை கலையாமல், நிதானமாக வந்தார்.

மாப்பிள்ளை ஓடினார். "என்னம்மா ஆச்சு? என்ன கேட்டாங்க?"

"தனியா உக்கார வச்சுக் கேட்டாங்க. நல்ல பொண்ணு, தண்ணி குடுத்துச்சு. யாரப் பாக்க வந்தீங்கன்னு கேட்டுச்சு. என் மகன், என் மருமக, என் சம்பந்தின்னேன். சம்பந்தி என்ன பண்றாங்கன்னுச்சு. சாப்பாட்டுக் கட வச்சிருக்காங்க, போன தடவ அவங்க இல்லாத நேரத்துல அங்க வேல பாத்து நான்தான் மாட்டிக்கிட்டேன், இனி பாக்க மாட்டேன்னு சொன்னேன். உள்ள போயி யாருகிட்டயோ பேசிட்டு வந்து, போங்கன்னுருச்சு."

மாப்பிள்ளை தலையில் கையை வைத்துக்கொண்டார். "அத்தை பேச்சையே எடுக்காதன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேம்மா! திருப்பி அனுப்பியிருந்தா?"

"அனுப்பியிருந்தா போயிருப்பேன்." அவர் மகனைத் தாண்டி வந்து என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். "அதுக்காக இவங்கள ஒளிச்சு வச்சுட்டு உள்ள வர முடியுமா? ஒளிச்சு வைக்கிற ஒறவாடா இது?"

நான் அழுதேன். அத்தனை பேர் போய்வருகிற வாசலில், வெட்கமில்லாமல், விசும்பி விசும்பி அழுதேன். கோப்போடு நின்ற அந்தப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, இவங்க என் சம்பந்தி என்று சொல்ல வேண்டும் போல இருந்தது.